ரோஜாவைத் தின்ற பார்டர்

"பல்லைத்தான் வலிக்காம பிடுங்குவீங்கன்னு நினைச்சேன் டாக்டரம்மா. பணத்தையும் அப்படியே பிடுங்கிட்டீங்களே!"

குடியிருப்பின் பொருளாளர் போட்ட சத்தம் நாலாவது மாடி வரை கேட்டது. பால்கனிகளில் தலைகள் முளைத்தன. கொஞ்ச நேரத்தில் அத்தனை தலைகளும் கீழே இறங்கி, புதுத் தோட்டத்தின் முன்னால் வந்து நின்றன. வம்பு என்றால் லிஃப்டுக்குக்கூட யாரும் காத்திருப்பதில்லை.

தோட்டத்துக்காக வீட்டுக்கு வீடு வசூல் செய்து, முன்னால் நின்று வேலையை முடித்தவர் சங்கச் செயலாளரான பல் டாக்டர். செடிகளுக்குத் தண்ணீர் விட வந்தவரைத்தான் பொருளாளர் கேட் அருகே மடக்கியிருந்தார்.

"பட்ஜெட்ல என்ன போட்டோம்? செடிக்கு முக்கால் பங்கு, பார்டருக்குக் கால் பங்கு. நீங்க அப்படியே தலைகீழா செலவு பண்ணியிருக்கீங்க! எங்கே ரோஜா?"

"அடுத்த வருஷம் வாங்கிக்கலாம் சார்."

"அதுவரைக்கும் இந்தக் குச்சிகளை மோந்து பார்த்துட்டு இருக்கவா?"

"அதானே!" என்றாள் இரண்டாவது மாடி தையல்காரம்மா. "வாசல் முழுக்கப் பூவா இருக்கும்னு சொல்லித்தானே பணம் வாங்கினீங்க? என் நாத்தனார்கிட்ட வேற பெருமையடிச்சு வெச்சிருக்கேன். வந்து பார்த்தா சிரிப்பா!"

பொருளாளருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "சுத்தி எல்லா இடத்திலயும் செங்கல்லைச் சாய்ச்சு நட்டிருக்கீங்க. சரி. இந்த கேட் பக்கம் மட்டும் எதுக்கு முழங்கால் உயரத்துக்குச் சுவர்? அதுக்கு மேல பளபளன்னு கல்லு வேற!"

"இங்க மண்ணு சரியும் சார்."

"தரை சமமா இருக்கற இடத்துல மண்ணு எப்படிம்மா சரியும்? யார் காதுல பூ சுத்தறீங்க? அந்தப் பூவையாவது தோட்டத்துல வெச்சிருக்கலாம்!"

கூட்டம் சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

பொருளாளர் குனிந்து கல்லின் விளிம்பைத் தடவினார். கோபம் இன்னும் ஏறியது.

"முனையை வேற உருட்டி விட்டிருக்கு! இதுக்குத் தனியா கூலி கேட்டிருப்பானே. செடிக்கு முனை குத்துமா? உண்மையைச் சொல்லுங்க, கொத்தனாருக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு?"

டாக்டரின் முகம் சிவந்தது. "வார்த்தையை அளந்து பேசுங்க சார். ஒரு பைசா நான் தொடலை."

"அப்போ காரணத்தைச் சொல்லுங்க!"

டாக்டர் கேட் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து செடிக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தார்.

மூன்றாவது மாடி வக்கீல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "காரணம் சொல்ல முடியலைன்னா செயலாளர் பதவியிலேர்ந்து இறங்கட்டும். நாளைக்கே ஆளைக் கூப்பிட்டு இதை இடிச்சுடலாம்."

"இறங்கிடறேன்." தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு டாக்டர் நிமிர்ந்தார். "ரோஜாவுக்கு ஆகற பணத்தையும் நானே தந்துடறேன். இதை மட்டும் இடிக்காதீங்க."

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா! குட்டு உடையப் போகுதுன்னதும் பணம் தானா வெளியே வருது!"

வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. வாட்ச்மேன் ஓடிப்போய் கேட்டைத் திறந்து, மூடிவிட்டு, மறுபடி தன் இடத்தில் போய் நின்றார்.

"அகலத்தைப் பாருங்கய்யா, அகலத்தை!" பொருளாளர் விடுவதாக இல்லை. "நாலு குச்சிக்கு எதுக்கு இவ்வளவு அகலம்? என்னையே தாங்கும் போலிருக்கே!"

எல்லோருக்கும் காட்டுவதற்காகக் கல்லின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அப்பாடா!"

அது அவரைக் கேட்காமலே வாயிலிருந்து வந்துவிட்டது. இவ்வளவு நேரம் நின்று கத்தியதில் முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தன. இப்போது பாதம் தரையில் சரியாகப் பதிந்தது. முனை தொடையில் உறுத்தவில்லை. கேட், தெரு, உள்ளே வருகிற வண்டி எல்லாமே உட்கார்ந்த இடத்திலிருந்து நேராகத் தெரிந்தன.

கேட்டில் வாட்ச்மேன் வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறி நின்றார்.

பொருளாளர் அவரையே பார்த்தார். உட்கார இடம் கொடுத்தால் தூங்கிவிடுவார், நின்றுதான் காவல் காக்க வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்தவரே பொருளாளர்தான். அன்றைக்கு எல்லோரும் கை தூக்கினார்கள், பல் டாக்டர் ஒருவரைத் தவிர. கேட் அருகே நாற்காலி, ஸ்டூல், பெஞ்சு எதுவும் கூடாது என்று வக்கீல் ஒன்று விடாமல் எழுதியிருந்தார். செடிக்குப் பார்டர் கட்டக் கூடாது என்று மட்டும் எழுதவில்லை.

பொருளாளர் மெல்லத் திரும்பி டாக்டரைப் பார்த்தார். வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று டாக்டர் கண்ணாலேயே கெஞ்சினார்.

"என்ன சார், உட்கார்ந்துட்டீங்க? நாளைக்கே இடிச்சுடலாமா?" என்றார் வக்கீல்.

பொருளாளர் எழுந்தார். முகம் முன்பைவிடச் சிவந்திருந்தது.

"எதை இடிக்கறது? மண்ணு சரிஞ்சா நீங்க வந்து அள்ளுவீங்களா?"

பொருளாளர் டாக்டர் பக்கம் திரும்பினார். குரல் மறுபடி நாலாவது மாடிக்கு ஏறியது.

"உங்களையெல்லாம் யாரும்மா செயலாளர் ஆக்கினது? மத்தியான வெயில் நேரா இந்தக் கல்லு மேலதானே அடிக்கும்? ரோஜாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நல்லா நிழல் தர்ற மரமா ஒண்ணு வாங்கி முதல்ல இங்க நட்டு வைங்க!"