எதிர் நாற்காலி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பொய் சொல்வதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நம்பும்படியாகச் சொல்லியிருப்பேன்.

ஏலக்காரர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பையனோடு அப்பா ஆன்லைனில் பிரிட்ஜ் ஆடிக்கொண்டிருந்தார். நாலு பேர் ஆட்டம். எதிரெதிர் நாற்காலி ஒரு கட்சி. எத்தனை பிடி பிடிப்போம் என்று முதலில் ஏலம் கேட்க வேண்டும். பையன் அவன் வீட்டிலிருந்து எதிர் நாற்காலியில் ஆடினான்.

பழைய சாமான்களை ஏலம் விட்டே தலை நரைத்தவர் அவர். "எதிராளி ஏத்தறப்ப ரோஷப்பட்டு ஏத்தாதவன்தான் குடும்பம் நடத்துவான்" என்பார். ஆறு ஆட்டத்தில் ஒரு தடவை கண்மூடித்தனமாக ஏற்றினாலும் கல்யாணம் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

அவருக்குத் தினசரிக் கூட்டாளி கம்ப்யூட்டர்தான். எதிர்க்கட்சி ஏற்றினால் அதற்குப் பொறுக்காது. கையில் ஒன்றுமில்லாமல் மேலே ஏற்றி அவர் மானத்தை வாங்கும். அந்த ஏலக் கோளாறு சரிசெய்யப்பட்டதாக இணையதளத்தில் அன்று காலை ஓர் அறிவிப்பு வந்திருந்தது. அவர் அதைப் படித்துவிட்டுக் கொட்டாவி விட்டார்.

முதல் ஆட்டத்தில் "வணக்கம் மாமா" என்று தட்டியதோடு சரி, பையன் அப்புறம் பேசவே இல்லை. ஏற்ற வேண்டிய இடத்தில் அளவாக ஏற்றினான். எதிர்க்கட்சி எகிறியபோதெல்லாம் பாஸ் சொல்லி அடங்கினான். ஏலக்காரர் 'பலே' என்று தட்டியதற்கும் பதில் இல்லை.

"அலட்டல் இல்லாத பையன்மா" என்றார். மகளுக்குப் பாதி மூச்சு வந்தது.

கடைசி ஆட்டம். எதிர்க்கட்சி நாலு ஸ்பேடு கேட்டது. எதிர் நாற்காலி வெகுநேரம் யோசித்தது. பிறகு கேட்டது, அஞ்சு ஹார்ட்.

சீட்டைத் திறந்தால் அந்தக் கையில் பேருக்கு ஒரு ராஜாகூட இல்லை. அடி என்றால் அப்படியொரு அடி. ஏலக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பேரம் முறிந்தது என்று அர்த்தம்.

"அது அவர் இல்லப்பா" என்றாள் மகள். ஆடுகிறவருக்கு நெட் போனால் கம்ப்யூட்டர் தானாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதே பேரில் ஆடும். அது ஏலக்காரருக்கும் தெரிந்ததுதான். "நெட் போயிருக்கும்ப்பா. இதே மாதிரி ஏத்துதுன்னுதானே அதைத் தினமும் திட்டறீங்க?"

ஏலக்காரர் திரையை முறைத்தார். மெல்லக் கண்ணாடி மூக்குக்குத் திரும்பியது.

"அதானே பார்த்தேன். அந்தச் சனியன் புத்தியேதான்."

இழுப்பறையைத் திறந்து சுத்தியலை எடுத்தார். தட்டிவிட்டால் பேச்சு மாறியதே கிடையாது. அடிமாட்டு விலைக்குப் போனாலும் போனதுதான். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மேசை அதிர்ந்தது. மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

போன் அடித்தது. பையன்தான். ஏலக்காரர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மன்னிச்சுக்கங்க மாமா, முதல் ஆட்டத்துலயே நெட் போயிடுச்சு, கடைசி ஆட்டத்துக்குத்தான் திரும்ப உள்ள வர முடிஞ்சுது."