புகைக்குழாயின் சீறல்

1984 கோடையில், ஒண்டிக்கடை மலைக் கிராமத்தில் இருந்த தன் பட்டறையில், வெங்கடாசலத்தின் பழைய டிராக்டர் என்ஜினை மெக்கானிக் ஜேசுதாஸ் ஹேண்டில் போட்டுச் சுற்றினார். புகைக்குழாயில் காற்று சீறியது.

"வால்வு காத்து உடுதுங்க. பிரிச்சுப் பாக்கோணும்."

"பிரி. வால்வு நல்லா இருந்துச்சுன்னா, இந்த மலையில நீ பட்டறை நடத்த முடியாது" என்றார் வெங்கடாசலம்.

வால்வுகள் பொருந்தியிருந்த என்ஜின் ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்து, மூடியிருந்த வால்வுகளின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றினார் ஜேசுதாஸ். கெட்டுப்போன வால்வு என்றால் அது கீழே ஒழுகும். ஒரு மணி நேரமாகியும் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

வெங்கடாசலம் தரையில் கிடந்த புகைக்குழாயை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். "ஏனுங்க மெக்கானிக்கு, இன்னும் சீறுதுங்களா?" என்று சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது; நிஜமாகவே சீறல் கேட்டது. குழாயைக் கீழே போட்டார். சீறல் நிற்கவில்லை, அது இப்போது அவருடைய காதிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஜேசுதாஸ் குனிந்து, வெகு கவனமாகக் கேட்டார்.

"அதே சத்தந்தானுங்க" என்று ஸ்பேனரை எடுத்தார். "பிரிச்சுப் பாக்கோணும்."