கதவிடுக்கில் ஒரு காகிதம்

"பிரீசர்ல ஐஸை உருக்கற ஹீட்டர்தான் போயிருக்கு, அதான் இப்படிக் கட்டிக்கட்டியா—" "கதவே சரியா மூடல, ஹெல்மி—" "பஸ் ஓட்டினவருக்கு பிரிட்ஜைப் பத்தி என்ன தெரியும்?" மீனும் ரொட்டியும் பால்கனிப் பனியில் புதைந்து கிடக்கின்றன. ஹெல்மியின் மடியில் மட்டும் ஒரு பெரிய டப்பா. மகள் கைசு சாவதற்குமுன் காட்டில் பறித்த நீலப் பெர்ரி. கசிந்த சாறு ஏப்ரனில் ஊதாவாகப் படர்கிறது. காலியான பிரீசர்முன் மண்டியிட்டிருக்கும் தாவுனோ மீட்டரை வைத்துப் பார்க்கிறார். ஹீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. கதவிடுக்கில் ஒரு காகிதத்தைச் செருகி, கதவை மூடி இழுக்கிறார், அசையவில்லை. மனைவியிடமிருந்து டப்பாவை வாங்கி உள்ளே வைத்துக் கதவை மூடி, மறுபடியும் காகிதத்தைச் செருகி இழுக்கிறார். டப்பா கதவை முட்டுகிறது, காகிதம் வழுக்கிக்கொண்டு வருகிறது. ஹெல்மி அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். காகிதத்தைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார் தாவுனோ. "நீ சொன்னதுதான். ஹீட்டர்தான் போச்சு. கொஞ்சம் பெரிசா ஒண்ணு வாங்கிடலாம்."