இடது பக்கம் குளிருது

"ஊட்டியில ஏறுனதுல இருந்து மேட்டுப்பாளையம் எறங்கற வரைக்கும் அவன் பக்கம் மட்டும் சூடுங்க. எனக்குக் காலு மரத்தே போச்சு. பின்னால உக்காந்தா வாந்தி வருமேன்னு முன்னாடி உக்காந்தது தப்பாப் போச்சு. குளிருதப்பான்னு சொன்னா, எதையோ திருவறாப்பல திருவிட்டுக் கம்முனு ஓட்டறான். கார் நம்முளுது. குளிர் காயறது டிரைவரு."

கோமளா சொல்லி முடிப்பதற்குள் மகுடேஸ்வரனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. மங்கலம் ரோட்டில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். அவருடைய காரில் அவருடைய மனைவி நடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். டிரைவர் சீனிச்சாமியைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏப்பா, சூடு உனக்கு மட்டுந்தான் சொந்தமா?"

"இல்லீங்க மொதலாளி. ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானுங்க வெச்சேன். அக்கா பக்கம் சூடு வரவே மாட்டேங்குதுங்க."

"அது எப்படி, உம்பக்கம் மட்டும் வருது?"

சீனிச்சாமி கம்பெனிக்குப் பின்னால் வரிசையாகக் கட்டியிருக்கும் லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறான். மனைவி அதே கம்பெனியில் துணி செக்கிங்கில் வேலை பார்க்கிறாள். சின்ன மகள் தரணிக்கு அடிக்கடி வயிற்றுவலி. அவளை டாக்டரிடம் காட்ட லீவு கேட்ட அன்றைக்குத்தான் ஊட்டிக்கு வண்டி எடுக்கச் சொன்னார்கள். வேலை போனால் வீடும் போகும். அதனால் எதிர்த்துப் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டான்.

"வா, பல்லடத்துல காட்டுவோம். கோளாறு காருல இருக்குதா உங்கிட்ட இருக்குதான்னு தெரிஞ்சு போகட்டும்."

பல்லடம் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் நஞ்சப்பன் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு பக்கமும் கையை வைத்துப் பார்த்தார்.

"டிரைவர் மேல தப்பு இல்லீங்ணா. உள்ள ஹீட்டர் கோர்னு சின்னதா ஒண்ணு இருக்குது. இன்ஜின் சுடுதண்ணி அதுக்குள்ள ஓடித்தான் காத்து சூடாகும். அதுல பாதி அடைச்சுக்கிச்சு. அதான் ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிரு. பிளஷ் பண்ணீட்டாச் செரியாப் போயிரும்."

சீனிச்சாமிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நஞ்சப்பன் இரண்டு ஹோஸைக் கழற்றி, தண்ணீரைத் எதிர்ப்பக்கமாக உள்ளே விட்டார். முதலில் சொட்டுச் சொட்டாக வந்தது. பிறகு குபுக்கென்று செங்காவி நிறத்தில் சேறு வந்து வாளியில் விழுந்தது. கூடவே வெள்ளை வெள்ளையாகச் செதில்கள்.

நஞ்சப்பன் ஒரு செதிலை எடுத்து விரலால் நசுக்கப் பார்த்தார். நசுங்கவில்லை.

"இன்ஜினைக் குளுத்தற கூலண்ட் ஊத்தற எடத்துல ஆரோ உப்புத்தண்ணிய ஊத்தியிருக்கறாங்க. பாறையாட்டம் படிஞ்சு கெடக்குது. இன்னுங் கொஞ்ச நாள் உட்டிருந்தா இன்ஜினே போயிருக்குமுங்க."

மகுடேஸ்வரன் திரும்பினார். "ஊத்துனது நீதானே?"

"ஆமாங்க. கூலண்ட் கொறையுதுன்னு சொன்னனுங்க. இப்போதைக்குத் தண்ணிய ஊத்தி ஓட்டுன்னு சொன்னீங்க."

"தண்ணிய ஊத்தச் சொன்னேன். வெசத்தை ஊத்தச் சொன்னனா? எங்க புடிச்ச தண்ணி?"

"நம்ம லைன் ஊட்டுக் கொழாயிலதானுங்க."

"அந்த போர்த்தண்ணியா? டேய், சாயப்பட்டறைக்குப் பக்கத்துல இருக்கற போருடா அது. இரும்புப் பைப்பையே அரிச்சுத் திங்குற தண்ணி. வருசா வருசம் பைப்பு மாத்தி மாத்தி நான் சலிச்சுப் போயிட்டேன். புத்தியிருக்கறவன் அதைக் கொண்டாந்து காருக்கு ஊத்துவானா? உன்னையெல்லாம் வெச்சுக்கிட்டுக் காலந்தள்ள முடியாது. ஊட்டைக் காலி பண்ணீரு."

சீனிச்சாமி வாளியைப் பார்த்தான்.

"கொழாய்க்கு மேல குடிநீர்னு போர்டு மாட்டியிருக்குதுங்க மொதலாளி. நாங்க அல்லாரும் அதைத்தானுங்க குடிக்கிறோம். நல்ல தண்ணின்னு நெனச்சுத்தானுங்க ஊத்துனேன்."

"அது ஆடிட்டுக்கு மாட்டுன போர்டுடா. நம்ம பனியன் வாங்கற வெளிநாட்டு பையர் அனுப்பற ஆளுங்க பார்த்துட்டுப் போறதுக்கு மாட்டுனது. அதையெல்லாமா நம்புவே?"

ஹோஸைப் பிடித்திருந்த நஞ்சப்பனின் கை நின்றுவிட்டது. அவர் மகுடேஸ்வரனைப் பார்த்தார். பிறகு சீனிச்சாமியைப் பார்த்தார்.

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது மகுடேஸ்வரனுக்கே உறைத்தது. குரல் தானாக இறங்கியது.

"செரி உடு. தெரியாமப் பண்ணீட்டே. வேலையில இருந்துக்க. ஊடும் காலி பண்ண வேண்டாம்."

சொல்லிவிட்டு மேனேஜருக்குப் போன் போட்டார்.

"ஆமாங்க, நான்தான். நம்ம சீனிச்சாமி ஊட்டுக்கு ஒரு கேன் நல்ல தண்ணி எறக்கீருங்க. தீரத் தீர மாத்தி வெக்கச் சொல்லுங்க. அந்தக் கொழாய்த் தண்ணி இனி ஆகாது."

சீனிச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரப்பட்டு இந்த மனுசனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வெட்கப்பட்டான். இரண்டு கையையும் கூப்பினான்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க மொதலாளி. சின்னவளுக்கு இனி வயித்துவலி வராதுங்க."

மகுடேஸ்வரன் புரியாமல் அவனைப் பார்த்தார்.

"அவளுக்கு எதுக்கு? காருக்கு ஊத்தறதுக்குச் சொன்னேன். டிக்கியில வெச்சுப் பூட்டிக்க. உம்புள்ளைங்க எடுத்துக் குடிச்சுறப் போகுது, பார்த்துக்க."