பாதி மீன்

"முதல் படகுல வந்து இறங்கினது எங்க வம்சம்தான் மேடம். அந்தப் படகைப் பிரிச்சுக் கட்டினதுதான் இந்த வீடு. எதிர்வீட்டுக்காரங்க பின்னாலயே நீந்தி வந்தாங்களோ என்னமோ!" என்றாள் போர்பாலா.

"கேட்டுச்சு, கேட்டுச்சு!" தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து காஷ்பார் குரல் கொடுத்தான். "இவங்க வீடு கோழிக்கூடா இருந்தப்பவே எங்க வீட்டுப் புகைபோக்கியில புகை வந்தாச்சு!"

டான்யூப் ஆற்றங்கரையில் அந்த ஊரின் முதல் வீடு எதுவோ, அதற்கு அரசாங்கம் புதுக் கூரை போட்டுத் தரும். ஒரே ஒரு வீட்டுக்குத்தான். போர்பாலாவோ போன மழைக்காலத்திலிருந்து கட்டிலில் பாதியை வாளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மறுபாதியில் தூங்குகிறாள்.

ஆய்வாளர் ஷோஃபியா பரணில் ஏறி டார்ச் அடித்தாள். படகின் முகப்பில் செதுக்கும் மீன் சின்னம் உத்தரத்தில் தெரிந்தது. தலை மட்டும்தான். உடம்பை ரம்பம் கொண்டுபோயிருந்தது.

"தலை எங்ககிட்ட இருக்கு பாருங்க! தலைதானே முதல்ல கரை சேரும்?"

ஷோஃபியா இறங்கித் தெருவைக் கடந்தாள். ஜன்னலைத் திறந்த காஷ்பாரின் அம்மா, கூடவே வந்த போர்பாலாவைப் பார்த்ததும் படாரென்று சாத்திக்கொண்டாள்.

"பரண் ஏணியை எங்க வெச்சேன்..." காஷ்பார் தலையைச் சொறிந்தான்.

"அடுப்புக்குப் பின்னால!" வாசலிலிருந்தே கத்தினாள் போர்பாலா.

"அவர் வீட்டுல எது எங்கேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எதிரி வீடு மேடம். தெரிஞ்சு வெச்சுக்கணும்."

அந்தப் பரணில் மீனின் உடம்பும் வாலும் இருந்தன. ஷோஃபியா இரண்டின் படத்தையும் செல்போனில் சேர்த்துவைத்துப் பார்த்தாள். செதில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

"ஒரே படகு. ரெண்டு வம்சமும் அதுலதான் வந்திருக்கு. கரையேறினதும் ஆளுக்குப் பாதியா அறுத்துக்கிட்டாங்க."

"அப்போ முதல்ல இறங்கினது யாரு?" இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"அதை மீன்கிட்டதான் கேட்கணும். ரெண்டையும் ஒரே வீடுன்னு எழுதினா ரெண்டு கூரையும் கிடைக்கும். ஆனா ஒரே வீடுன்னா ஒரே குடும்பமா இருக்கணும், சட்டம் அப்படி. நீங்க ரெண்டு பேரும் இருக்கற இருப்புக்கு..." ஷோஃபியா உதட்டைப் பிதுக்கினாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. காஷ்பார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். போர்பாலா தன் கட்டிலை நினைத்தாள், வாளியை நினைத்தாள்.

"சரி, சம்மதம்," என்றாள். "ஆனா இந்தத் தடவை கட்டிக்கிட்டா, இவரோட அம்மா என் சமையலறைப் பக்கமே வரக்கூடாது!"