மூன்றாவது துளை

தன் கணவர் ஃபெர்மின் மதியத் தூக்கத்திலிருந்து எழுவதற்குள் பெல்ட் மறுபடியும் அவருடைய கால்சட்டையில் இருக்க வேண்டும் என்றாள் லியோகாதியா.

காசிமிரா அதை வாங்கிச் சமையல் மேசையில் நீட்டிப் போட்டாள். அவளே வெட்டித் தைத்த பெல்ட். குளிர்காலத்துக்குப் பிறகு இரண்டு தடவை நீளம் குறைத்தாயிற்று.

"இப்ப எவ்வளவு?"

"ரெண்டு விரல். பக்கிள் பக்கமா எடு. ஓட்டைப் பக்கம் கையே வைக்காத."

தோல் வேலை செய்யும் அந்த மலை ஊரில் பாதி வீடுகளுக்குச் சமையல் மேசைதான் பட்டறை. அங்கே யாரும் எடை பார்த்துக்கொள்வதில்லை. எத்தனையாவது ஓட்டையில் இருக்கிறாய் என்றுதான் கேட்பார்கள். பெல்ட்டுக்கு ஐந்து துளை. புதிதாகத் தைக்கும்போது மூன்றாவது பொருந்த வேண்டும். பெருத்துப்போய் முதலாவதுக்கு வந்தவனை மதுக்கடையில் கேலி செய்வார்கள். இளைத்து ஐந்தாவதுக்குப் போனவனிடம் கேட்பதையே நிறுத்திவிடுவார்கள்.

ஃபெர்மினுக்கு வயிற்றில் கட்டி. காடிஸ் மருத்துவமனையில் அறுத்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் உடம்பு கரைந்துகொண்டே வந்தது. துளை மட்டும் மாறவில்லை.

காசிமிராவுக்கு இது பிடிக்கவில்லை. அதைச் சொல்லவும் செய்தாள். உடம்பு அவருடையது, அது போகிற போக்கு அவருக்குத் தெரிய வேண்டாமா? பில்பாவோவில் இருக்கும் மகனைக் கூப்பிட்டுப் பேச அவருக்கு எவ்வளவோ இருக்கும். பெண்டாட்டியே மறைக்கலாமா?

"தெரிஞ்சா மனசு விட்டுருவாருடி. அப்புறம் எதுவும் நிக்காது" என்றாள் லியோகாதியா. கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

காசிமிரா பழைய தையலை அறுத்து பக்கிளைக் கழற்றினாள். இரண்டு விரல் தோலை வெட்டி எடுத்தாள். புது முனையைக் கத்தியால் சீவி மெலிதாக்கி, பக்கிளைக் கோத்து மடித்தாள். முழங்கால்களுக்கு நடுவே மர இடுக்கியில் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரே நூலின் இரண்டு நுனியிலும் ஊசி கோத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வாங்கி இழுத்தாள். நூல் புதிதாகத் தெரியக் கூடாதென்று காபிச் சக்கையைத் தேய்த்தாள்.

லியோகாதியா பெல்ட்டைச் சுருட்டி மேலங்கிக்குள் வைத்துக்கொண்டாள்.

"இதான் கடைசி. இன்னொரு தடவை கொண்டுவராத" என்றாள் காசிமிரா.

லியோகாதியா திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கினாள்.

காசிமிராவின் கணவர் எவாரிஸ்தோ உள்ளறையிலிருந்து கொட்டாவி விட்டபடி வந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. மூணாவது ஓட்டைக்காரன் முகம் ஏன் ஐந்தாவது ஓட்டைக்காரன் மாதிரி இருக்கிறது என்று மதுக்கடையில் எல்லோரும் குழம்பிக்கொண்டிருக்கிறார்களாம்.

"பொய் சொல்றது அவ. தையல் போடுறது நீ" என்றார்.

அது தைத்தது. ஃபெர்மினிடம் தானே சொல்லிவிடுவதென்று காசிமிரா அன்றைக்கே முடிவு செய்தாள். ஆனால் தெருவில் எதிர்ப்பட்ட போதெல்லாம் அவர் பக்கிளைத் தட்டி, "மூணாவதுதான், தங்கச்சி" என்று சிரித்தார். அவளும் தலையாட்டிவிட்டு நடந்தாள்.

சந்தை நாளன்று, லியோகாதியா கூடையோடு கீழே இறங்கிப் போன பிறகு, ஃபெர்மின் காசிமிராவின் வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் பெல்ட். இன்னொரு கை கால்சட்டையை இடுப்போடு பிடித்திருந்தது.

தெரிந்துவிட்டது என்று காசிமிரா நினைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அண்ணே, நானே வந்து சொல்லியிருக்கணும். உங்க பெல்ட்டை..."

"மூணு தடவை குறைச்சிருக்கே."

அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"முதல் தடவையே தெரியும். புதுசா மடிச்ச தோலு, குனியும்போதெல்லாம் முனகுது. இந்த ஊர்ல பொறந்துட்டு அதுகூடவா எனக்குக் கேக்காது?"

மகனிடமும் பேசிவிட்டாராம். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாயிற்றாம். தனக்குத் தெரியும் என்பது லியோகாதியாவுக்குத்தான் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்றார்.

"அவ மேல கோவப்படாதீங்க. உங்களுக்காகத்தான் செஞ்சா. இனிமே இந்த வேலையை நான் செய்ய மாட்டேன்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

ஃபெர்மின் பெல்ட்டை மேசையில் வைத்து அவள் பக்கமாகத் தள்ளினார்.

"நாலாவதுக்கு வந்துட்டேன். அவ இன்னும் பாக்கல. சந்தையிலிருந்து வர்றதுக்குள்ள ரெண்டு விரல் எடுத்துக் குடு."

"நீங்களுமா? எதுக்குண்ணே?"

"இந்தத் தடவை மேல இளைக்காம மூணாவதுலயே நின்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா, தங்கச்சி. இப்பத்தான் ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சிருக்கா."