முந்நூறு கிலோமீட்டர் மாப்பிள்ளை

"உலகத்துலயே வேகமா போற பைக்குங்கள்ல அது ஒண்ணாம். மணிக்கு முந்நூறு கிலோமீட்டராம். அவனுக்குப் பொண்ணு குடுக்க முடியாது," என்றார் திருவேங்கடம்.

திருச்சானூரில் வளையல் கடை வைத்திருப்பவர். கண்ணாடியோடே காலம் தள்ளியதால் எதைப் பார்த்தாலும் உடைந்துவிடுமோ என்கிற பயம்.

மாப்பிள்ளைப் பையன் ஹரிபிரசாத்துக்குப் புத்தூர். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் நல்ல வேலை. ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, மகள் பவ்யாவுக்கும் பிடித்துப்போய், எல்லாம் கூடி வருகிற நேரத்தில்தான் அந்தக் கறுப்பு ராட்சச வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தித் தொலைத்தான்.

"போவும்னா போயே ஆவணுமா நைனா?" என்றாள் பவ்யா. "நம்ம வீட்டு மிக்ஸில மூணு வரைக்கும் ஸ்பீடு இருக்குது. அம்மா ஒண்ணுலதானே அரைக்குது?"

"வண்டி செய்ற கம்பெனிக்காரங்களே பயந்துபோயி, முந்நூறுக்கு மேல வேணாம்னு அவங்களுக்குள்ள பேசி வெச்சிக்கினாங்களாம். போன்ல படிச்சேன். செஞ்சவனுக்கே பயம், பெத்தவனுக்கு இருக்காதா?"

"மொதல்ல உங்க ஸ்கூட்டர்ல பின்னாடி லைட்ட மாத்துங்க," என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள் மனைவி வசந்தா. "பிரேக் புடிச்சா எரியறதே இல்ல."

அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"சனிக்கிழமை ஆனா அவரு அந்த வண்டிலதான் மலைக்குப் போயி வர்றாரு. நம்பிக்கை இல்லன்னா நீயே பின்னாடி போயி பாரு," என்றாள் பவ்யா கோபமாக.

கோபத்தில் சொன்னதை மனுஷன் நிஜமாகவே எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை திருமலையில், பையன் கண்ணில் பட்டால் குட்டு உடைந்துவிடுமே என்று யோசித்தார். மலையில் மொட்டைத் தலையை யார் அடையாளம் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? பழைய வேண்டுதல் ஒன்றும் பாக்கி இருந்தது. முடியோடு மீசையையும் பெருமாளுக்கே கொடுத்துவிட்டார்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. முடி போனதும் ஹெல்மெட் லொடலொடவென்று ஆகி, கண்ணை மறைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது.

மலைப்பாதையில் ஒரு கண்டிப்பு உண்டு. கிளம்பும்போது நேரம் போட்டுச் சீட்டு கொடுப்பார்கள். இறங்க இவ்வளவு நேரம் ஆகவேண்டும் என்று கணக்கு. அதற்கு முன்னால் அடிவாரத்து அலிபிரி செக்போஸ்ட்டுக்கு வந்து சேர்ந்தால் வேகமாக வந்ததாக அர்த்தம், அபராதம்.

'இன்னிக்கு மாட்டப் போறான்' என்று ஹரிபிரசாத்துக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

நாலு வளைவுதான். ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுப் பார்த்தால் முன்னால் பைக்கைக் காணோம்.

பறந்துட்டான். இவனை நம்பியா பொண்ணைக் கொடுப்பது? எப்படியும் பிடித்தே தீருவது என்று ஆக்சிலேட்டரை முறுக்கினார். வளைவில் பிரேக், உடனே முறுக்கல், அடுத்த வளைவில் மறுபடி பிரேக். பின்னால் பஸ்காரர்கள் ஹாரன் அடித்ததைக்கூட லட்சியம் பண்ணவில்லை.

செக்போஸ்ட்டில் காவலர் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஏமி சாமி, அவ்ளோ அவசரமா? இவ்ளோ சீக்கிரம் எறங்கிட்டீங்க. ஓரமா நிறுத்துங்க, அபராதம்."

"என்னை விடுங்க. எனக்கு முன்னாடி ஒரு பெரிய கறுப்பு பைக்கு போச்சே?"

"அப்படி எதுவும் வரலியே."

சொல்லி வாய் மூடுவதற்குள், பின்னாலேயே வந்து நின்றது கறுப்பு பைக். காவலர் அவன் சீட்டையும் பார்த்தார். அவனும் நேரத்துக்கு முன்னால்தான் வந்திருந்தான். அபராதம்.

திருவேங்கடத்துக்கு வந்த சந்தோஷத்தில், தானும் மாட்டியதே மறந்துபோனது.

ஹரிபிரசாத் ஹெல்மெட்டைக் கழற்றினான். "வணக்கம் மாமா. மொட்டை நல்லா இருக்குது."

வேஷம் அவ்வளவுதான்.

"பெருமாள் மலையிலயும் உனக்கு வேகம்தானா?"

"தப்புதான் மாமா." அவன் பர்ஸை எடுத்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே அபராதத்தைக் கட்டினான். காவலரிடம் ஏதோ பேசினான். வந்து அவர் ஹெல்மெட் வாரை இழுத்து இறுக்கிவிட்டான். காக்கா பிடிக்கிறான் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

அவன் தலை மறைந்ததும் பவ்யாவுக்கு போன் போட்டார்.

"அம்மா, கையும் களவுமா புடிச்சிட்டேன். அபராதமே போட்டுட்டாங்க. இந்தச் சம்பந்தம் வேணாம், அவ்ளோதான்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குள் காவலர் பக்கத்தில் வந்தார்.

"சாமி, அந்தப் புள்ள உங்களுக்குச் சொந்தமா? வாரா வாரம் வருது. எப்பவும் லேட்டாதான் எறங்கும். பஞ்சரான்னு நாங்களே கிண்டல் பண்ணுவோம். இன்னிக்குத்தான் மொதல் தடவ அபராதம்."

"இன்னிக்கு மட்டும் ஏனாம் அப்படி?"

"அதத்தான் நானும் கேட்டேன். பஸ்ஸுக்கு வழி விடலாம்னு ஓரமா நின்னிருக்குது. நீங்க பாக்காம தாண்டிப் போயிட்டீங்களாம், ஸ்கூட்டர வெச்சி அடையாளம் கண்டுக்கிச்சாம். பாத்தா, நீங்க பிரேக் புடிச்சா பின்னாடி லைட்டு எரியல. பஸ்காரன் இடிச்சிடப் போறான்னு நடுவுல தன் வண்டிய போட்டுக்கினு கூடவே வந்திருக்குது." காவலருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "'எங்க மாமா வேகத்துக்கு என் வண்டியால ஈடு குடுக்க முடியல சார்'னு சொல்லிட்டுப் போவுது."

திருவேங்கடம் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"நைனா? லைன்ல இருக்கியா?" என்றாள் பவ்யா.

"இருக்கேம்மா. சாயந்திரம் அந்தப் புள்ளைய வீட்டுக்கு வரச் சொல்லு."

"இப்பதானே வேணாம்னு சொன்ன?"

"ஆமா... இன்னிக்கு மூணுல ஓடுனது உங்க நைனாதாம்மா."